மச்சான் வீட்டு ப்ரீஆம்ப்

"கேட்டுச்சா?"

"எது?"

பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் எனக்கும் என் மனைவிக்கும் நடந்த சங்கீத சம்பாஷணை மொத்தமும் இவ்வளவுதான். கேள்வி என்னுடையது. பதில் அவளுடையது. அதுவும் பதில் இல்லை, இன்னொரு கேள்வி.

நான் பேஸ் கிதார் வாசிக்கிறவன். நாலே கம்பி. மற்ற கிதாருக்கு ஆறு கம்பி என்பதால், "ரெண்டு கம்பி அறுந்துபோச்சா சார்?" என்று அக்கறையாக விசாரிக்கிற நல்ல உள்ளங்கள் உண்டு. சனி, ஞாயிறில் மேடை. வாரநாளில் லிஃப்ட் மெக்கானிக். இரண்டும் ஒரே ரக வேலைதான். லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறவரை மெக்கானிக் என்று ஒருத்தன் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது.

எங்கள் குழுவில் பாடகர் வாயைத் திறந்தால் கைதட்டுகிறார்கள். கீபோர்டுக்காரர் தலையை ஆட்டினால் கைதட்டுகிறார்கள். ட்ரம்ஸ்காரர் குச்சியை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தால் கைதட்டுகிறார்கள். பிடிக்காமல் விட்டால் இன்னும் பலமாகத் தட்டுகிறார்கள். நான் ஓரத்தில் ஸ்பீக்கர் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிற்பேன். எனக்கு யார் கைதட்டும் வேண்டாம். சத்தியமாக வேண்டாம். ஒரே ஒரு ஆள், அதுவும் என் வீட்டு ஆள், ஒரே ஒரு நாள், "கேட்டுச்சுங்க" என்று சொன்னால் போதும். அதற்குமேல் இந்த ஜென்மத்தில் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அவள் வேலையே காதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிறாள். சத்தம் புகாத ஒரு சின்ன அறை. உள்ளே ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கொசு ரீங்காரம்போல ஒவ்வொரு சத்தமாக அனுப்புவாள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ஊரில் யாருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று தாளில் கோடு போட்டுக் காட்டுகிறவளுக்கு, கட்டின புருஷன் வாசிக்கிறது மட்டும் காதில் விழவில்லை. ஒருமுறை மனசு தாளாமல், உன் காதை நீயே ஒருதரம் பரிசோதித்துக்கொள்ளேன் என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த அறையில் உட்காரவைத்துவிட்டாள். பரிசோதனை முடிவு: காது பழுதில்லை, கவனம்தான் போதாது.

கல்யாணமான புதிதில் எல்லா நிகழ்ச்சிக்கும் வருவாள். முன்வரிசையில் மூன்றாவது நாற்காலி. நான் அவளைப் பார்த்தே வாசிப்பேன். திரும்பி வரும்போது வண்டியில், காற்றில் சரியாகக் கேட்காது என்று தலையைத் திருப்பி, "கேட்டுச்சா?" என்பேன். "எது?" என்பாள். பாட்டு நன்றாக இருந்ததாம், ட்ரம்ஸ் தெளிவாக இருந்ததாம், என்னுடையது மட்டும் எல்லாவற்றோடும் கலந்துபோய்விடுகிறதாம். பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தாள். பிறகு வேலை அதிகம் என்றாள். இப்போது வந்து ஏழு வருஷம் ஆகிறது. அந்த மூன்றாவது நாற்காலியில் யார் யாரோ உட்காருகிறார்கள். போனமாதம் ஒருவர் தூங்கினார். நான் ஒவ்வொரு தடவையும் மேடையேறியதும் அந்த நாற்காலியைத்தான் முதலில் பார்க்கிறேன். பழக்கம், வேறென்ன.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெத்தை விளம்பரத்துக்கு வாசிக்க ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே என் கிதாரை ஒரு பெட்டியில் சொருகினார்கள். சாம்பல் நிறம், ஒரு முழ அகலம், முன்பக்கம் இரண்டு பெரிய திருகுகள், உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல ஆரஞ்சாக எரிகிற கண்ணாடி வால்வுகள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டினேன். ஐயா, அது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விரல் கம்பியைத் தொடுகிறது, அழுத்துகிறது, விடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. மெத்தை விளம்பரம்தான், ஆனாலும் இன்னொருதரம் வாசிக்கிறேன் என்று கெஞ்சி வாசித்தேன். இது அவளுக்குக் கேட்கவில்லையே என்று அடுத்த நிமிஷமே தோன்றியது. அன்றிலிருந்து அதே நினைப்புதான்.

அந்தப் பெட்டிதான் ஸ்டூடியோ ப்ரீஆம்ப். கிதாரிலிருந்து வருகிற ஒலி கைக்குழந்தை மாதிரி, தானாக நிற்காது. அதைத் தூக்கி நிறுத்தித் தெம்பேற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ப்ரீஆம்ப் வேலை. மேடைக்கென்று செய்த ப்ரீஆம்ப் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. செங்கல் அளவு இருக்கும். கீழே போட்டாலும் உடையாது. சத்தமும் செங்கல் மாதிரியேதான் இருக்கும். ஸ்டூடியோ பெட்டியோ மேடைக்குப் பிறந்ததே இல்லை. குலுக்கக்கூடாது, சூடேற ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும், தூக்க ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. இருந்தாலும், மேடையில் இதன் வழியாக வாசித்தால் என் சத்தம் கலந்துபோகாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஒருநாள் அந்த ஸ்டூடியோவை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஓடிப்போய் பெட்டியை வாங்கிவிட்டேன். மனைவியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இனிமேல் வயரோடு ஒரு சாமானும் வாசற்படி தாண்டக்கூடாது. கட்டிலுக்கடியில் கையை விட்டால் வயர், துணி பீரோவில் வயர், ஒருமுறை இடியாப்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டு இதுவும் வயரா என்று கேட்டவள் அவள்.

திட்டம் போட்டேன். அசகாயத் திட்டம். எங்கள் ட்ரம்ஸ்காரரை அவள் அண்ணன் என்று கூப்பிடுவாள். அந்த வகையில் எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மாப்பிள்ளை. அவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், சாமான் வைக்க இடமில்லை, அவருடைய பெட்டி ஒன்று கொஞ்சநாள் நம் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுவது. மச்சானிடமும் முன்கூட்டியே போனில் சொல்லி, யார் கேட்டாலும் தன்னுடையது என்று சொல்லச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பெட்டியோடு உள்ளே நுழைந்தேன். நான் சொன்னதையெல்லாம் அவள் பொறுமையாகக் கேட்டாள். பெட்டியை ஒருதரம் சுற்றிவந்து பின்னால் தொங்கிய வயரைப் பார்த்தாள்.

"அண்ணன் ட்ரம்ஸ்தானே கொட்டறாரு?"

"ஆமா."

"அதுக்குக் கரண்ட் வேணுமா?"

பாருங்கள், உலகத்தில் எத்தனையோ வாத்தியக்காரர்கள் இருக்க, கரண்டே தேவைப்படாத ஒரே ஆளை அல்லவா நான் சாட்சிக்குப் பிடித்திருக்கிறேன். இப்பல்லாம் காலம் மாறிப்போச்சு, எல்லாத்துக்கும் கரண்டுதான் என்று சமாளித்தேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு, அண்ணன் சாமானாச்சே, தூசி படக்கூடாது என்று தன்னுடைய பழைய துப்பட்டாவை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று வாரம் எனக்குத் தேனிலவு. அவள் வேலைக்குப் போனதும் துப்பட்டாவை விலக்குவேன். ஐந்து நிமிஷம் காத்திருப்பேன். வால்வு ஆரஞ்சாகப் பூக்கும். வீட்டிலிருக்கிற சின்ன ஸ்பீக்கரில் மாட்டி, எங்கள் குழு வழக்கமாக வாசிக்கிற பாட்டையெல்லாம் வரிசையாக வாசிப்பேன். எதிரே காலியாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். அதை ஏன் போட்டேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஆனால் காலி நாற்காலி "எது?" என்று கேட்காது, அது ஒரு நிம்மதி.

ஒரு மத்தியானம் ஏதோ பைலை மறந்துவிட்டாள் என்று திரும்பி வந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் கதவோரம் நிற்கிறாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

மச்சானுக்காகச் சோதித்துப் பார்க்கிறேன் என்று உளறினேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"ரொம்பத் தெளிவா இருக்குங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பாசம், கவலை, எல்லாம் கலந்த ஒரு பார்வை. பைலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சின்ன ஸ்பீக்கரில் கேட்டதற்கே இப்படி என்றால், மேடையில், பெரிய ஸ்பீக்கரில் கேட்டால்? அவள் எப்படியாவது ஒரு நிகழ்ச்சிக்கு வரவேண்டும் என்ற ஏக்கம் அன்றிலிருந்து பத்து மடங்காகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தாள். நலம் விசாரித்தாள். வெள்ளையடித்து முடிந்ததா என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முடிந்தது தங்கச்சி என்றார்.

"நல்லதுண்ணே. உங்க பெட்டியப் பத்திரமா வெச்சிருக்கேன். இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க. அடுத்தவங்க சாமான் வீட்டுல இருந்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அதுவரை மூன்று வாரம் நன்றாகத்தான் தூங்கினாள், குறட்டையோடு. ஆனால் அதை எப்படிச் சொல்வது? மச்சான் எழுந்தார். நானே ஒரு முனையைப் பிடித்து, என் பெட்டியை, என் கையாலேயே அவர் வண்டியில் ஏற்றி, குலுங்காமலிருக்க என் பழைய போர்வையையும் சுற்றிக் கட்டிக்கொடுத்தேன். வாசலில் நின்று அவள் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். மச்சானுக்கு இல்லை, பெட்டிக்கு.

பிறகு வாரம் இரண்டு தடவை சாக்கு சொல்லிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவேன், விடுதியில் சேர்த்த பிள்ளையைப் பார்க்கப்போவதுபோல. அங்கே அவர் சம்சாரம், வெளிச்சம் அழகாக இருக்கிறது என்று அதை ஹாலில் விளக்குக்குப் பதிலாக எரியவிட்டிருந்தார்கள். மேலே சூடாக இருப்பதால் அவர்கள் வீட்டுப் பூனை அதன்மேலேயே குடித்தனம் நடத்தியது. திருப்பிக் கொடு என்றேன். மச்சான் சங்கடமாக நெளிந்தார். "தங்கச்சி கையால குடுத்ததை எப்படி மாப்ளே திருப்பிக் குடுக்கறது? கேட்டா என்ன சொல்ல? வேணும்னா ஒருநாளைக்கு இரவலா எடுத்துக்கோ." என் சொத்தை எனக்கே இரவல் தருகிறார், பூனையிடம் அனுமதி கேட்டுவிட்டு.

அந்த ஒருநாளும் வந்தது. ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு விழா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இசை நிகழ்ச்சி. எங்கள் குழுவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மனைவி வந்தே ஆகவேண்டும், அவள் பிரிவு விழா. தப்பிக்க வழியே இல்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு மூன்றாவது நாற்காலியில் அவள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் ஒருநாள் லீவு போட்டுக்கொள்ளுங்களேன், வேறு யாராவது வாசிக்கட்டும் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். என் உடம்புமேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

பூனையைக் கெஞ்சி எழுப்பி, பெட்டியைக் கொண்டுவந்துவிட்டேன். சவுண்டுக்காரர் அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். மாட்டியதும் அவருடைய மிக்சர் பலகையில் சிவப்பு விளக்கெல்லாம் ஒரேயடியாக எரிந்தது. ஸ்டூடியோ மேஜைக்குப் பழகின பெட்டி, மேடை மிக்சர் தாங்குகிற அளவுக்குமேல் தெம்பாக அனுப்புகிறது என்றார். முனகிக்கொண்டே நடுவில் எதையோ மாட்டி அடக்கினார். பிறகு ஒரு கம்பியைத் தட்டச் சொன்னார். தட்டினேன். அரங்கத்தின் கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. சவுண்டுக்காரர் என் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, இதுல எல்லாமே வெளிய தெரியும். கொஞ்சம் குறைச்சே வைக்கட்டுமா?"

"ஏத்தி வைங்க" என்றேன். "இன்னும் ஏத்தி வைங்க."

நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் சத்தம் கேட்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அரங்கத்தில் என் சத்தம் கேட்கிறது. முன்வரிசையில் அவளைத் தவிர எல்லாரும் காது டாக்டர்கள், பின்னால் காது பரிசோதனைக்காரர்கள், காது மெஷின் பொருத்துகிறவர்கள். இதைவிட நல்ல காதுகள் ஒரே இடத்தில் யாருக்குக் கிடைக்கும்? மனைவி இரண்டு கையையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தே வாசித்தேன், கல்யாணமான புதிதில் வாசித்த மாதிரி. மனசுக்குள், இதோ நான், இதோ நான் என்று சொல்லிக்கொண்டே வாசித்தேன்.

மூன்றாவது பாட்டு. எங்கள் குழு அதை வாசிக்காத மேடையே இல்லை. தூக்கத்தில்கூட வாசிப்பேன். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் பாடகர் ஒரு மூச்சு விடுவார், ட்ரம்ஸ் நிற்கும், ஒரு விநாடி பேஸ் மட்டும் தனியாக இறங்கும். அந்த ஒரு விநாடிதான் என் வாழ்க்கையே. இறங்கினேன்.

முன்வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. பெரிய டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பின்வரிசையில்கூடத் தலைகள் என் பக்கம் திரும்பின. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு சபை என்னைப் பார்க்கிறது. மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று புரிந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மிச்சப் பாட்டையெல்லாம் கலங்கலாகத்தான் பார்த்து வாசித்தேன்.

கூட்டம் கலைந்தது. மேடையில் நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் படியேறி வந்து மறுமுனையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். வயரைக் கண்டாலே ஆகாதவள். வண்டியில் போகும்போது கேட்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

"கேட்டுச்சா?"

அவள் இன்னொரு சுற்று சுற்றினாள்.

"கேட்டுச்சுங்க."

அப்படியே ஸ்பீக்கர்மேல் உட்கார்ந்துவிட்டேன். இதற்காகத்தான் பதினெட்டு வருஷம் ஏங்கினேன், திருட்டுத்தனம் செய்தேன், பூனையிடம் கெஞ்சினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷ ஆசை விடுமா?

"எப்படி இருந்துச்சு?"

"அந்த மூணாவது பாட்டு. பல்லவிக்குத் திரும்பற இடம்."

"ஆமா. அங்கதானே எல்லாரும் நிமிர்ந்து பாத்தாங்க."

"அங்க விரலை ஒரு கட்டம் தள்ளி வைக்கறீங்க."

கம்பிக்கு அடியில் கழுத்து நெடுகக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் தள்ளினால் வேறு சுரம். நான் கிதாரை எடுத்து அந்த இடத்தை மெதுவாக வாசித்தேன். ட்ரம்ஸ் இல்லாமல், பாட்டு இல்லாமல். ஆமாம். ஒரு கட்டம் தள்ளித்தான் விழுகிறது.

"இன்னிக்கு மட்டும் கை தவறிடுச்சு போல" என்றேன்.

"கல்யாணமானதுலேர்ந்தே அங்கதான் வைக்கறீங்க."

"அப்ப உனக்குக் கேட்டுச்சா? இத்தனை வருஷமும்?"

"அடுப்படியிலேர்ந்தே கேக்கும்."

"பின்ன ஏன் ஒவ்வொரு தடவையும் எதுன்னு கேட்டே?"

"கேட்டுச்சுன்னு சொன்னா எப்படி இருந்துச்சுன்னு அடுத்துக் கேப்பீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையச் சொன்னா வாசிக்கறதையே விட்டுடுவீங்களோன்னு பயம். நேர்ல உக்காந்தா, அந்த இடம் வர்றப்போ எழுந்து வெளிய ஓடிடலாமான்னு இருக்கும். அதான் வர்றதையே நிறுத்திட்டேன்."

ஏழு வருஷமாக அவள் உட்காராத அந்த மூன்றாவது நாற்காலியை நினைத்துக்கொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஏதாவது சொல்லவேண்டுமே என்று, போகட்டும், இன்றைக்காவது கேட்டது என்று வாயால் சொன்னாயே, எனக்கு அது போதும் என்றேன்.

அவள் சுருட்டிய வயரை என் மடியில் வைத்தாள். பெட்டியைத் துப்பட்டா முனையால் துடைத்துவிட்டு, மச்சான் எங்கே நிற்கிறார் என்று எட்டிப் பார்த்தாள்.

"இதை ஏன் அண்ணன்கிட்ட குடுத்து அனுப்பினேன்னு நினைச்சீங்க? பதினெட்டு வருஷமா எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. இன்னிக்கு எங்க டிபார்ட்மெண்டுக்கே கேட்டுச்சு."